ஓபலின் மடி

வடிகட்டித் துணியில் ஒரு முடி கிடந்தது.

ஆட்டுப் பாலில் முடி விழுவது பெரிய விஷயமில்லை. லோர்னா கல்யாணமாகி இந்தப் பண்ணைக்கு வந்த நாள் முதல் ஆடு கறக்கிறாள். முடி, வைக்கோல் துரும்பு, சில நாள் ஒரு ஈ என்று எது கிடந்தாலும் துணியை உதறிவிட்டுப் பாலைக் குளிரவைக்கப் போய்விடுவாள். ஆனால் ஆட்டு முடி குட்டையாக, முரடாக இருக்கும். இது நீளமாக இருந்தது. ஆள்காட்டி விரலில் சுற்றினாள், சுற்றச் சுற்ற வந்தது. பட்டு நூல் மாதிரி மெல்லிசு, செம்பட்டை நிறம். அவளுக்குக் கறுத்த முடி. மகள் டெல்லாவுக்கும் அப்படியே. புருஷன் க்ளேட்டனுக்கோ வழுக்கை.

எதற்கென்று தெரியாமலே அதை மூக்கருகே கொண்டுபோனாள். பால் வாசனை இருந்தது. அதற்கு அடியில், பல நாள் தலைக்கு ஊற்றாத பச்சைக் குழந்தையின் உச்சந்தலை வாடை. கையைத் தொடையில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

கொட்டகையில் ஆகஸ்ட் மாதத்துப் புழுக்கம் அசையாமல் நின்றது. மூத்திரம் ஊறிய வைக்கோல், வெல்லப்பாகு கலந்த தீவனம், கடைசிப் பட்டியில் தன் தாடியில் தானே மூத்திரம் பெய்துகொண்டு நிற்கும் கிடாவின் நாற்றம், எல்லாம் ஒன்றாகக் கலந்து நாக்கில் ஒட்டும் அளவுக்குக் கெட்டியாக இருந்தன. கறவை மேடை மேல் அவர்களுடைய ஆடு ஓபல் நின்றுகொண்டிருந்தது. காதுகள் தொங்க, வாய் அசைபோட, அந்தக் குறுக்குக் கோடு போட்ட மஞ்சள் கண்ணால் லோர்னாவைப் பார்த்தது. அதன் மடி பின்னங்கால்களுக்கு நடுவே இளஞ்சிவப்பாக, பளபளவென்று, ஒரு ரேகைகூட இல்லாமல் புடைத்திருந்தது.

அந்த மடிதான் இந்த வருடம் டெல்லாவின் உயிர். தாய் ஆடு செத்துப்போனதால் ஓபலை அட்டைப்பெட்டியில் போட்டுச் சமையலறை அடுப்போரம் வைத்துப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவள் அவள். வருகிற சனிக்கிழமை கவுண்டி கால்நடைக் கண்காட்சி. நான்கு வருடமாக முதல் பரிசான நீல ரிப்பன் பக்கத்துப் பண்ணை பெட்டிபோன் வீட்டுக்கே போகிறது. இந்த வருடம் போகாது என்று டெல்லா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

மறுநாள் காலை ஒரு கொத்து முடி வந்தது. காம்பிலிருந்து பால் பீய்ச்சும்போதே இழுபட்டு, ஒரு நூல் மாதிரி வாளியின் விளிம்பில் தொங்கியது. சாயங்காலம் ஏதோ தோல் வந்தது, வெந்த பாலின் ஆடை போல. ஆனால் ஆடை விரலில் கரையும், இது கரையவில்லை. இழுத்தால் நீண்டது. அதற்கு மறுநாள் வடிகட்டித் துணியில் பிறை போல வளைந்து, ஒளி ஊடுருவும்படி மெல்லிசாக ஒன்று கிடந்தது. வெகுநேரம் பார்த்தாள். டெல்லா பிறந்த மாதம், தூக்கத்தில் முகத்தைக் கீறிக்கொள்கிறாள் என்று சின்னக் கத்தரியால் வெட்டி எடுத்த நகங்கள் இப்படித்தான் இருந்தன.

கால்நடை டாக்டர் ஏம்ஸிடம் போனில் பேசினாள். அவர் சிரித்தார்.

"பயந்துட்டியாம்மா? இது ஒரு மாதிரிக் கட்டி. முடி முளைக்கும், நகம் முளைக்கும், பல்லுகூட முளைக்கும். ஒரு பசு வயித்துல நானே எடுத்திருக்கேன். உயிரெல்லாம் கிடையாது, புத்தி கெட்ட சதை, அவ்வளவுதான்."

"மடிக்குள்ளயா டாக்டர்?"

"மடியில பார்த்ததில்ல. திங்கக்கிழமை வந்து அறுத்து எடுத்துடறேன். அதுக்கப்புறம் பால் இருக்காது, மடியும் இருக்காது. கண்காட்சிக்குக் கொண்டுபோறதா இருந்தா அதுக்கு முன்னாடியே கொண்டுபோயிடு. அதுவரைக்கும் பாலை யாரும் குடிக்க வேண்டாம்."

குடிக்க வேண்டாம். அதைக் கேட்டபோது லோர்னா சமையலறை மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி ஜாடி காலியாக இருந்தது. ஓபல் கறக்கத் தொடங்கிய வசந்தத்திலிருந்து வீட்டில் வேறு பாலே கிடையாது.

யாரிடமும் சொல்லவில்லை. டெல்லாவிடம் எப்படிச் சொல்வது? கடையில் பால் வாங்கி ஜாடியில் ஊற்றி வைத்தாள். கறந்த பாலைக் கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோய்க் கொட்டினாள். மிச்சம் வைத்தால் நக்கித் தீர்க்கும் பூனைகள் அந்த இடத்தைச் சுற்றி நின்றன, வாயை வைக்கவில்லை.

இரவுச் சாப்பாட்டில் டெல்லா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளி வைத்தாள்.

"என்னம்மா இது? பாலே இல்ல, தண்ணி."

"வெயிலு. ஆடு நிறையத் தண்ணி குடிக்குது."

"முன்னாடி எப்படி இருந்துச்சு தெரியுமா? இனிப்பா இருக்கும். தொண்டையில இறங்கும்போதே யாரோ தலையைக் கோதி விடற மாதிரி இருக்கும்."

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு," என்றார் க்ளேட்டன். அவர் மக்காச்சோள ரொட்டி மேல் கத்தியால் எதையோ தடிமனாகப் பூசிக்கொண்டிருந்தார். போன வாரம் லோர்னா உறைய வைத்த பாலாடைக்கட்டி. அதை அவள் மறந்தே போயிருந்தாள். எழுந்து பிடுங்குவதற்குள் கடித்துவிட்டார். மென்றார். மெல்லுவதை நிறுத்தினார். பல்லிடுக்கில் விரலை விட்டு எதையோ பிடித்து இழுத்தார், மெதுவாக, தலையைச் சாய்த்து, இழுத்துக்கொண்டே இருந்தார். விளக்கு வெளிச்சத்தில் அது செம்பாக மின்னியது.

"உன் முடிதான் லோர்னா. தலையைக் கட்டிக்கிட்டுச் சமையேன்டீ," என்று சொல்லிவிட்டு, கால்சட்டையில் தேய்த்துப் போட்டுவிட்டு, மறுபடி கடித்தார்.

அவள் பாத்திரம் கழுவும் தொட்டியில் குனிந்து ஓங்கரித்தாள். குழாயைத் திறந்துவிட்டாள், சத்தம் வெளியே கேட்காமல்.

சனிக்கிழமை. மடி நிறைந்து தெரிய வேண்டும் என்பதால் முந்தின நாள் மாலைக்குப் பிறகு கறக்கவில்லை, எல்லோரும் செய்வதுதான். கண்காட்சித் திடலில் பொரித்த மாவு, எலுமிச்சைச் சர்பத், சாணம், மரத்தூள், டீசல் எல்லாம் வெயிலில் வெந்துகொண்டிருந்தன. ஆடுகளை நடத்திக் காட்டும் வளையத்துக்கு வெளியே பெட்டிபோன் பெரியவர் கஸ் கம்பியில் சாய்ந்து நின்றார்.

"என்ன லோர்னா, மடியை சைக்கிள் பம்பு வச்சு ஊதிக் கொண்டாந்தீங்களா?"

"வயித்தெரிச்சலா இருந்தா மோர் குடிங்க, கஸ்," என்றார் க்ளேட்டன். எல்லோரும் சிரித்தார்கள். லோர்னா சிரிக்கவில்லை. வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கால்சட்டையும் போட்டுக்கொண்டு, கழுத்துச் சங்கிலியைப் பிடித்து ஓபலை நடத்திவரும் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு பெருமை அந்த முகத்தில்.

நடுவர் ஹால்டேன், தடித்த கைகள் உள்ள மனிதர். ஒவ்வோர் ஆடாக முதுகைத் தடவி, பின்னால் குனிந்து, மடியைக் கையில் ஏந்திப் பார்த்தார். ஓபலிடம் வந்தார். மடியைக் கண்டதும் புருவம் உயர்ந்தது. இரண்டு கையாலும் ஏந்தினார்.

அப்படியே நின்றார்.

உதட்டில் இருந்த புன்சிரிப்பை எடுக்க மறந்துவிட்டவர் போல இருந்தார். பிறகு கையை மெல்ல, மிக மெல்ல விடுவித்துக்கொண்டார். தூங்கும் பிள்ளையிடமிருந்து தாய் கையை உருவிக்கொள்வது போல. தன் விரலைப் பார்த்தார். சட்டையில் துடைத்தார். மறுபடி துடைத்தார். மற்ற ஆடுகளைத் தொடவே இல்லை. ஒலிபெருக்கியை வாங்கி, எந்தக் காரணமும் சொல்லாமல், ஓபலுக்கு முதலிடம் என்றார்.

டெல்லா அழுதாள். க்ளேட்டன் விசிலடித்தார். லோர்னா நடுவரைத் தேடிக்கொண்டு போனாள்.

அவர் ஆடு கழுவும் இடத்துக் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். முழங்கை வரை சோப்பு நுரை. தோல் சிவந்திருந்தது.

"ஐயா, மடியில ஒரு கட்டி இருக்கு. டாக்டர் சொல்லிட்டார்..."

"கட்டியா?" அவர் திரும்பவில்லை. "கட்டி விரலைப் பிடிக்குமா?"

ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டினார். நுனியில் இரண்டு பக்கமும் சின்னச் சின்னப் பள்ளங்கள், வரிசையாக. கடித்த தடம் என்று சொல்ல முடியாது. ஈறால் கவ்விய தடம்.

"இன்னிக்கே வீட்டுக்குக் கொண்டுபோயிடும்மா. பொண்ணு கூட அனுப்பாத. கறக்காத."

"கறக்காம விட்டா மடி வெடிச்சிடுமே ஐயா."

அவர் மறுபடி சோப்பை எடுத்துக்கொண்டார்.

ரிப்பன் ஊர்வலம் சாயங்காலம் இருந்தது. ஆட்டுக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி, அப்பாவையும் மகளையும் அங்கே விட்டுவிட்டு, லோர்னா மட்டும் பிக்கப் வண்டியில் ஓபலோடு கிளம்பினாள். பின்னால் டிரெய்லர். இரண்டு பக்கமும் ஆளுயரச் சோளம். ஜன்னலை இறக்கினாள். காற்றோடு கலந்து ஒரு சத்தம் வந்தது, ஈரமான, சீரான, நிறுத்தாத சத்தம். ச்சப். ச்சப். ஓபல் தண்ணீர் குடிக்கிறது என்று நினைத்தாள். டிரெய்லரில் தண்ணீர் வைக்கவில்லை என்பது பிறகு நினைவுக்கு வந்தது. ரேடியோவைச் சத்தமாக வைத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் கொட்டகைச் சுவரில் சாய்ந்திருந்தது. ஓபலால் நடக்க முடியவில்லை. காலை அகட்டி அகட்டி வைத்து, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு, ஒவ்வோர் அடிக்கும் முனகியது. மடி தரையைத் தொட்டுவிடும் போல இருந்தது. தோல் அவ்வளவு இறுகியிருந்தது, உள்ளே நீல நரம்புகள் தெரிந்தன. மற்ற ஆடுகள் கடைசி மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. மூத்திரத் தாடிக் கிடாவும் அவற்றோடுதான் நின்றது.

ஏம்ஸுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை.

தாங்கிப் பிடித்து மேடையில் ஏற்றியிருந்த ஓபல் தலையைச் சாய்த்து அவளைப் பார்த்து ஒரு தடவை கத்தியது. வலியில் கத்துகிற ஆட்டை அவள் வாழ்நாளில் ஒருமுறைகூட விட்டுப் போனதில்லை. விட்டுப் போகத்தான் காலெல்லாம் துடித்தது. மருந்து போடும் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டாள். முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் பொறுத்துக்கோ கண்ணு. கொஞ்சம்தான். அழுத்தம் குறைஞ்சா போதும்."

காம்பைப் பிடித்தாள். கொதித்தது. பிழிந்தாள். எதுவும் வரவில்லை. ஏதோ அடைத்துக்கொண்டு இருந்தது, வழுவழுவென்று, விரலுக்கு விரல் விலகி. மறுபடி பிழிந்தாள். ஒரு சொட்டு வந்தது. மஞ்சள். கெட்டி. மாமிசம் அழுகி இனிக்கும் வாடை. வாயில் எச்சில் ஊறியது. பசிக்கு ஊறும் எச்சில். அதுதான் அவளுக்குப் பெரிய அருவருப்பாக இருந்தது. தரையில் துப்பினாள்.

அடைப்பை எடுக்கக் காம்பு நுனியைக் கட்டைவிரலால் தடவினாள்.

நுனி திறந்தது.

கட்டைவிரலைப் பற்றிக்கொண்டது.

மெதுவாக. மிக மெதுவாக உறிஞ்சியது. ஈறு. ஈறுக்குப் பின்னால் ஒரு நாக்கு. சின்ன, சூடான நாக்கு, விரலைச் சுற்றி மடிந்து, அடியிலிருந்து நுனிக்கு, அடியிலிருந்து நுனிக்கு. பிறந்த பிள்ளைக்குச் சொல்லித்தரத் தேவையில்லாத வேலை. உறிஞ்சும். நிறுத்தும். மூச்சு விடும். உறிஞ்சும்.

இழுத்தாள். வரவில்லை.

கத்த வாயைத் திறந்தாள். அதற்குள் மார்பில் ஒரு குத்தல். இரண்டு பக்கமும். ஊசி ஊசியாக. டெல்லாவுக்குப் பால் கொடுத்த நாட்களில் வந்து, பதினாலு வருடத்துக்கு முன்னால் மறந்துபோன குத்தல். குனிந்து பார்த்தாள். கண்காட்சிக்காகப் போட்ட நீலச் சட்டையில் ஈரம் இரண்டு வட்டமாக ஊறி, பெரிதாகி, ஒன்றோடொன்று சேர்ந்தது. வயிற்றில் வழிந்தது. சூடு.

வேண்டாம். வேண்டாம்.

அந்தப் பால் வாடை மடிக்குள் இருந்ததற்கும் எட்டியிருக்க வேண்டும்.

உறிஞ்சுவது நின்றது. கட்டைவிரல் விடுபட்டது. ஓபல் அமைதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. மடியின் பளபளத்த தோலுக்குள்ளே உருண்டையாக ஒன்று புரண்டது. நெற்றி. மூக்கு. தோலை உள்ளிருந்து தள்ளிக்கொண்டு ஒரு முழு முகம், கண் மூடியபடி, இடமும் வலமும் தேடி, லோர்னாவின் மார்பின் பக்கம் திரும்பி, வாயைத் திறந்தது.