அடங்காத இரண்டு நட்சத்திரங்கள்

"…படத்துல அவர் பேரை மட்டும் போடச் சொல்லு. வேற எதுவும் கேக்கல நான்."

"செத்தவருக்குப் பேரு எதுக்குக்கா? எந்திரிச்சு வந்து மேடையேறிக் கும்பிடு போடப் போறாரா?"

கூடத்தில் அண்ணன் மனைவியும் தன் மனைவியும் போடும் சண்டை தம்பியின் காதில் ஒரு சொல் விடாமல் விழுந்தது. அவர் எழுந்து போகவில்லை. மத்தியான வெயில் உள்ளே வராதபடி ஜன்னலில் கறுப்புத் துணியை இழுத்துவிட்டுக் கணினி முன் உட்கார்ந்திருந்தார். சாயங்காலத்துக்குள் படத்தைக் கண்காட்சிக்கு அனுப்ப வேண்டும், தன் பெயரில்.

படம் அண்ணன் எடுத்தது. நண்பர்கள் 'ஆந்தை' என்று கூப்பிட்ட அந்த மனிதர் பல குளிர்காலங்கள் மொட்டைமாடியில் தொலைநோக்கியோடு பனியில் நனைந்து, நட்சத்திரங்களுக்கிடையே தெரியும் ஒரே ஒரு செந்நிற வான்மேகத்தின் ஒளியைத் துளித்துளியாகச் சேர்த்தார். பார்வை போய்க்கொண்டிருந்ததால் ஃபோகஸ் சரியாக அமையவில்லை. நட்சத்திரமெல்லாம் உப்பிப்போயின. கண்ணு தெரியாதவனுக்கு வானம் எதுக்கு என்று நாலு பேர் முன்னால் தம்பிதான் கேட்டார். அண்ணன் போன மாதம் போய்ச் சேர்ந்தார்.

உப்பலை அடக்குவது தம்பிக்குக் கைவந்த வேலை. மேகத்தின் மேல் மாஸ்க் என்ற மறைப்பைப் போட்டுவிட்டு, வெளியே தெரியும் நட்சத்திரங்களை மட்டும் ஓரத்திலிருந்து சுருக்கிக்கொண்டே வர வேண்டும். எல்லாம் ஊசிமுனையாகிவிட்டன. இரண்டு மட்டும் அடங்கவில்லை. பக்கத்தில் பக்கத்தில், ஒரே உயரத்தில்.

மறுபடி சுருக்கினார். பெரிதாயின.

கணினி விசிறியின் உறுமலுக்கு அடியில் யாரோ மூக்கால் மெதுவாக மூச்சுவிடுவது போல ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்க, பனியில் ஊறிய கம்பளியின் வாடை மூலையிலிருந்து கிளம்பி அறை முழுக்கப் பரவ, தொண்டைக்குள் ஒரு கசப்பு இறங்கியது. கண்ணில் சொட்டு மருந்து விட்டால் உள்ளே இறங்குமே, அந்தக் கசப்பு. தம்பி கண்ணுக்கு மருந்து விட்டதே இல்லை. விட்டது அண்ணன்.

இரண்டு நட்சத்திரங்களைச் சுற்றியும் வெளுத்த வளையம். அண்ணன் கண்ணில் கடைசியில் படர்ந்த அதே பால்நிறம். நடுவில் கரும்புள்ளி.

அது அவர் பக்கம் திரும்பியது.

பயம் ஆத்திரமாக மாறியது.

"செத்தும் என் தலைமேலதானா நீ?"

மென்பொருளில் இன்னொரு கட்டளை உண்டு. நட்சத்திரத்தையே அழித்துவிட்டு, அந்த இடத்தைச் சுற்றியுள்ள நிறத்தாலேயே நிரப்பிவிடும். மாஸ்க் இல்லாமல் அதை ஓட்டக் கூடாது. எதை அழிப்பது, எதை விடுவது என்று அதற்குத் தெரியாது. ஆத்திரத்தில் தம்பி மாஸ்க்கைத் தூக்கினார். ஓட்டினார்.

இருட்டு.

கரண்ட் போய்விட்டதோ? இல்லை. விசிறி ஓடியது. கழுத்தில் வெயில் சுட்டது. ஜன்னல் துணியை யாரோ விலக்கியிருந்தார்கள்.

இருந்தும் இருட்டு.

கண்ணைத் தேய்க்கக் கையைக் கொண்டுபோனார். இமை இல்லை. புருவத்திலிருந்து கன்னம்வரை தோல். வழவழவென்று. வெதுவெதுப்பாக. மேடில்லை. பள்ளமில்லை.

அந்தப் பக்கமும்.

கத்த வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

கதவு திறந்தது. அண்ணன் மனைவியின் காலடி. பக்கத்தில் வந்து நின்றார். அலறவில்லை. அவர் விரல் விசைப்பலகையில் நிதானமாகத் தட்டும் சத்தம்.

"அவர் பேரையே போட்டு அனுப்பிட்டேன், தம்பி. படத்துல ரெண்டு கண்ணும் இப்ப என்ன தெளிவா பாக்குது, பாருங்க."

அந்தப் படம் இப்போது கண்காட்சியில் தொங்குகிறது. போய்ப் பார்த்தவர்கள் தயவுசெய்து கீழே பதில் எழுதுங்கள். அந்த இரண்டிலும் பால் படர்ந்திருந்ததா, இல்லை, தெளிவாக இருந்தனவா?