பொத்தான் குரைத்தால்

குரைத்தால் நீ எனக்கு. குரைக்காவிட்டால் அவர்களுக்கு.

சுண்டு இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. மனசுக்குள்தான் சொன்னாள். சொன்னவள் தானே இல்லை என்பதுபோல உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கட்டிலுக்கு அடியில் பொத்தான் தூங்கிக்கொண்டிருந்தது. ஐந்து மாதக் குட்டி. உடம்பெல்லாம் மணல் நிறம். மூக்கு மட்டும் சட்டையிலிருந்து கழன்று விழுந்த கறுப்புப் பொத்தான் மாதிரி இருக்கும். அந்தப் பெயரை வைத்தது அப்பா. சுண்டு என்ற பெயரும் அவர் வைத்ததுதான். பிறந்தபோது சுண்டுவிரல் அளவுதான் இருந்தாளாம். அப்பா எதையும் கொஞ்சம் கூட்டிக் குறைத்துச் சொல்வார்.

பொத்தான் அவர்களுடைய நாய் இல்லை. ஊருக்கு வெளியே, கண் தெரியாதவர்களுக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்குகிற பள்ளி ஒன்று இருந்தது. அப்பா லிஃப்ட் மெக்கானிக். அங்கே லிஃப்ட் சரிபார்க்கப் போனவர், 'குட்டிகளை ஒரு வருடம் வளர்த்துத் தர வீடுகள் தேவை' என்ற அறிவிப்பைப் பார்த்தார். மாலையில் ஒரு விண்ணப்பத்தோடு வீட்டுக்கு வந்தார்.

"உனக்கும் ஒரு துணை," என்றார்.

அம்மா வேறு ஊரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். மாதத்துக்கு இரண்டு தடவை வருவாள். இந்த மூன்றாம் மாடி வீட்டுக்கு அவர்கள் வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. எதிர்வீட்டுக் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும்.

பள்ளிக்கூடத்தில் சுண்டுவின் பெஞ்சில் மூன்று பேர் உட்காரலாம். சுண்டு மட்டும் உட்கார்ந்தாள். யாரும் அவளை விரட்டவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. மதியம் டப்பாவைத் திறந்து, மளமளவென்று சாப்பிட்டு, மூடிவிடுவாள். வேகமாகச் சாப்பிட்டு முடித்தால், தனியாகச் சாப்பிடுவது யார் கண்ணிலும் படாது என்று அவளுக்கு ஓர் எண்ணம்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் பொத்தான் வால் மட்டுமல்ல, முதுகு, இடுப்பு எல்லாவற்றையும் சேர்த்து ஆட்டும். அந்த ஒரு நிமிடத்துக்காகவே சுண்டு படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி வருவாள்.

ஒரே ஒரு தொல்லை. புது ஆள் யாரைப் பார்த்தாலும் பொத்தான் குரைத்தது. குடை பிடித்தவரைப் பார்த்துக் குரைத்தது. பை தூக்கியவரைப் பார்த்துக் குரைத்தது. ஒன்றும் தூக்காமல் சும்மா வந்தவரைப் பார்த்தும் குரைத்தது.

நாய்ப் பள்ளியிலிருந்து ஒரு டீச்சர் வந்து பார்த்தார். சுண்டு அவரை 'நாய் டீச்சர்' என்றுதான் மனசுக்குள் கூப்பிட்டாள்.

"புது ஆள் தூரத்துல தெரிஞ்சதுமே, அது வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடி ஒரு பிஸ்கட் துண்டு குடுத்துடணும்," என்றார் டீச்சர். "ஆள் வந்தா நமக்கு நல்லதுதான்னு அதுக்குப் புரியணும். குரைச்சிட்டா திட்டாதே. தடவியும் குடுக்காதே. திரும்பி தூரமா நடந்து போயிடு."

"குரைச்சுக்கிட்டே இருந்தா?"

"வேலைக்கு எடுக்க முடியாதும்மா. கண்ணு தெரியாத ஒருத்தர் ரோட்டைக் கடக்கறார்னு வச்சுக்கோ. நடுவுல நாய் குரைச்சா அவர் என்னன்னு நினைப்பார்? கார் வருதா, ஆள் வருதான்னு தெரியாம அப்படியே நின்னுடுவார் இல்ல?"

"அப்ப பொத்தான் எங்கே போகும்?"

"எங்கேயும் போகாது. வேலைக்குத் தேறலைன்னா வளர்த்த வீட்டிலயே வச்சுக்கலாம். மூணு வாரம் கழிச்சு வரேன். அப்பவும் இப்படியே குரைச்சா, அதோட சரி."

அன்றிலிருந்துதான் அந்த நினைப்பு சுண்டுவின் மனசுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. குரைத்தால் நீ எனக்கு.

ஆனாலும் டீச்சர் சொன்னபடியே செய்தாள். சட்டைப் பை நிறையப் பிஸ்கட் துண்டுகளோடு பொத்தானைக் கீழே கூட்டிப்போனாள்.

அந்த நாட்களில் கட்டடத்துக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். பெயின்டர் தூசிக்காக முகத்தில் துணி கட்டியிருப்பார். தோளில் ஏணி. அவரைக் கண்டதும் பொத்தான் பிஸ்கட்டைத் துப்பிவிட்டுக் குரைத்தது.

"ஏம்மா, நான் அடிக்கற கலர் உன் நாய்க்குப் பிடிக்கலையா?" என்றார் பெயின்டர், ஏணியை இறக்காமலே. "வெளிப்படையா சொல்லச் சொல்லு, மாத்திடலாம்!"

சுண்டுவுக்கு முகம் சுட்டது. பொத்தானை இழுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.

கதவைச் சாத்தியபின் பொத்தானின் நெஞ்சில் கை வைத்தாள். உள்ளே தடதடவென்று அடித்துக்கொண்டது. இது கோபம் இல்லை என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. பயம்.

நான்கு நாள் கழித்து அது நடந்தது.

வாசல் அருகே சுண்டுவின் ஷூ லேஸ் அவிழ்ந்துவிட்டது. பொத்தானின் கயிற்றைக் காலால் மிதித்துக்கொண்டு, குனிந்து முடிச்சுப் போட்டாள். லேஸ் சிக்கிக்கொண்டது. ஒரு வழியாகக் கட்டிவிட்டு நிமிர்ந்தபோது, பெயின்டரின் முதுகு தெரிந்தது. ஏணியோடு அவர்களைத் தாண்டிப் போய்விட்டிருந்தார்.

பொத்தான் குரைக்கவில்லை. அவர் போன திசையில் மூக்கை நீட்டி மோந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏன் குரைக்கலை?" என்று கேட்டாள் சுண்டு.

பொத்தான் பிஸ்கட் பையைப் பார்த்தது.

சுண்டு படியில் உட்கார்ந்து யோசித்தாள். அவள் பெயின்டரைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என்ன செய்திருப்பாள்? வலது கையை விரித்துப் பார்த்தாள். உள்ளங்கையைச் சுற்றி மூன்று சிவப்புக் கோடுகள், நாள்தோறும் கயிறு அழுந்திய தடம். புது ஆள் வந்தால் அவள் கை தானாகவே கயிற்றை ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று சுற்றிக்கொள்ளும். மூச்சும் நின்றுவிடும். நம்மிடம் ஏதாவது கேட்பாரோ, பதில் சொல்லவேண்டி வருமோ என்று நினைப்பு ஓடும்.

கயிற்றின் மறு நுனியில் பொத்தானின் கழுத்து.

முதலில் பயப்படுவது பொத்தான் இல்லை. நான்தான்.

இதை யாரிடமும் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனால் இதைச் சரிசெய்ய ஒரு புது ஆள் வேண்டும். திரும்பத் திரும்ப வந்து போகிற ஆள். சுண்டு நான்கு தடவை படியிறங்கி, நான்கு தடவை திரும்பி ஏறினாள். ஐந்தாவது தடவை பெயின்டரின் ஏணிக்குக் கீழே போய் நின்றாள்.

"அண்ணா..."

"அட, நீ பேசுவியா! நான் உன் வீட்டுல அந்த நாய் மட்டும்தான் பேசும்னு நினைச்சேன்."

"நீங்க எங்களைத் தாண்டி நடந்து போகணும். எங்களைப் பாக்காம."

"பாக்காமயா?"

"உத்துப் பாத்தா அதுக்குப் பயம். தூரத்துல ஒரு தடவை. அப்புறம் கொஞ்சம் கிட்ட ஒரு தடவை."

பெயின்டர் தூரிகையை வாளியில் வைத்தார். "எங்க வீட்டுலயும் என்னை யாரும் பாக்கறதில்ல. இங்க நான் யாரையும் பாக்கக் கூடாதா? சரி, நடக்கறேன்."

அன்று இருபது அடி தூரத்தில் நடந்தார். சுண்டு ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். பேசினால் மூச்சை அடக்க முடியாது. மூச்சை அடக்காவிட்டால் கையும் இறுகாது. அதனால் அவர் தெரிந்ததுமே, "வணக்கம்ண்ணா!" என்று சொன்னாள். கயிறு தொய்வாகவே இருந்தது. பொத்தான் காதைத் தூக்கியது. அதன் வாயில் பிஸ்கட் விழுந்தது.

மறுநாள் பதினைந்து அடி. அதற்கும் மறுநாள் சுண்டுவின் கை பழையபடி சுற்றிக்கொள்ள, பொத்தான் குரைத்து ஊரைக் கூட்டியது. மறுபடி இருபது அடியிலிருந்து தொடங்கினார்கள். பெயின்டருக்கு உற்சாகம் வந்துவிட்டது. வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தார். ஒரு நாள் பின்பக்கமாகவே நடந்து வந்து, சுவரில் தானே அடித்திருந்த ஈரப் பெயின்டில் முட்டிக்கொண்டார். பொத்தான் குரைக்கவில்லை. சுண்டுதான் சிரித்தாள். அந்தக் கட்டடத்தில் அவள் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

வேலை முடிந்து பெயின்டர் ஏணியோடு வேறு தெருவுக்குப் போய்விட்டார். அன்று மாலை வாசல் ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது. சாப்பிடும்போது சுண்டு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நான் கயிறை இறுக்கினாத்தான்ப்பா அது குரைக்குது. தொய்வா விட்டா குரைக்கறதில்ல."

"என் வேலையில நேர்மாறு," என்றார் அப்பா. "லிஃப்ட் கயிறு தொய்ஞ்சா உள்ள இருக்கற ஆளுங்க குரைப்பாங்க."

சுண்டு சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாய் டீச்சர் வருகிற காலையில் அப்பா வேலைக்குப் போகாமல் இருந்தார். சுண்டு பொத்தானின் கழுத்துப் பட்டையை மாட்டிக்கொண்டிருந்தாள். அப்பா பக்கத்தில் வந்து குந்தினார்.

"சுண்டு, ஒண்ணு சொன்னா கேப்பியா?"

"என்னப்பா?"

"இன்னைக்குக் கயிறைக் கொஞ்சம் இறுக்கிப் பிடி."

சுண்டுவின் விரல்கள் பட்டையிலேயே நின்றன.

"யாருக்கும் தெரியப் போறதில்ல. பொத்தான் நம்மகிட்டயே இருந்துடும்." அப்பா தரையைப் பார்த்துப் பேசினார். "போன வாரம் உன் ஸ்கூல் பக்கம் ஒரு லிஃப்ட் வேலை. மதியம் வேலிக்கு வெளியில நின்னு பாத்தேன். நீ சாப்பிடற வேகத்தைப் பாத்தேன்."

யார் கண்ணிலும் படவில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். தான் மனசுக்குள் சொல்லி, சொன்னதை மறைத்து வைத்திருந்த அதே வார்த்தையை அப்பா வெளியே எடுத்து வைத்துவிட்டார். கேட்கும்போது அது இன்னும் இனிப்பாக இருந்தது.

சுண்டு பட்டையில் கயிற்றைக் கோத்துக்கொண்டு எழுந்தாள்.

கீழே வாசலில் டீச்சர் மூன்று புது ஆட்களோடு வந்திருந்தார். முதலில் தள்ளுவண்டியோடு ஒரு பெண் கடந்து போனார். "வணக்கம்," என்றாள் சுண்டு. பொத்தான் பார்த்தது, குரைக்கவில்லை. அடுத்து தொப்பி போட்ட ஒருவர் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டே வந்தார். பொத்தான் காதைத் தூக்கியது, அவ்வளவுதான்.

"இன்னும் ஒரே ஒரு ஆள்," என்றார் டீச்சர்.

கடைசி ஆள் மலைபோல இருந்தார். நீள மழைக்கோட்டு. நடந்து வந்தவர் சட்டென்று ஒரு பெரிய கறுப்புக் குடையை விரித்தார். பொத்தானின் உடம்பு விறைத்தது. அது குடையைப் பார்த்தது. பிறகு தலையைத் தூக்கிச் சுண்டுவைப் பார்த்தது.

இறுக்கினால் போதும். ஒரே ஒரு சுற்று.

வாசல் கம்பிக்கதவு அருகே அப்பா நின்றிருந்தார். அவள் கண்ணைப் பார்த்து, தன் நெஞ்சருகே ஒரு கையைத் தூக்கி விரல்களை மெல்ல மூடிக் காட்டினார். பிடி.

ஒரு கணம் அவள் விரல்கள் கயிற்றின் மேல் மடிந்தன. அந்தத் தடதடப்பு, உள்ளங்கைக்குக் கீழே அடித்துக்கொண்ட அந்தச் சின்ன நெஞ்சு, அவள் கைக்கு இன்னும் ஞாபகம் இருந்தது. பொத்தானைத் தன்னிடம் வைத்துக்கொள்ள, அந்தப் பயத்தை அல்லவா அதற்குக் கொடுக்க வேண்டும்?

"வணக்கம்," என்றாள், குடைக்காரரிடம். குரல் கொஞ்சம் உடைந்திருந்தாலும் கேட்கும்படி வந்தது.

பிறகு அப்பாவைப் பார்த்தாள். வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்துவிட்டு, விரல்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தினாள்.