மூக்கன் புகழ்ந்த ஒயின்

அச்சகக்காரர் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார். தடித்த கண்ணாடிக்குள் கண்கள் சிவந்திருந்தன.

"சாயங்காலம் அவன் ரயில் ஏறிடுவான், மேடம். வழியனுப்பப் போகணுமா, இல்ல ஒரேயடியா தலைமுழுகிடணுமா? நீங்கதான் சொல்லணும்."

துப்பறியும் தொழிலுக்கு வந்த பிறகும் ஊருக்கு வக்கீலம்மாவாகவே இருந்தவர், "முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார். அவருடைய கொழுந்தன் அதற்குள் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தான். வழக்கு என்று வந்துவிட்டால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

அச்சகக்காரரோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்த நண்பன், முப்பது வருஷம் கழித்து நேற்று விருந்துக்கு வந்திருந்தான். மூடிய சாப்பாட்டு டப்பாவை முகர்ந்தே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுவான் என்பதால் அந்தக் காலத்தில் அவனுக்கு மூக்கன் என்று பெயர். இப்போது ஒயினைச் சுவைத்துத் தரம் சொல்வதே அவன் தொழில்.

"முதல் பாட்டிலைப் பத்தி அழகா சொன்னான், மேடம். புளிப்பு எடுப்பா இருக்கு, கடைசியில லேசாத் துவர்க்குதுன்னு. ரெண்டாவது பாட்டில், இவன் என்னிக்காவது வருவான்னு நான் பொத்திப் பொத்தி வெச்சிருந்தது. முதல் வாய் அவனுக்குத்தான் ஊத்தினேன். லேபிளைப் படிச்சான், கிளாஸை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தான், குடிச்சான். 'அடேயப்பா, பழ வாசம் ஆளைத் தூக்குதுடா'ன்னான். அப்புறம்தான் நான் மோந்து பார்த்தேன். மழையில நனைஞ்ச சாக்கு நாத்தம்! அவன் என்னடான்னா, இன்னும் கொஞ்சம் ஊத்துன்னு கிளாஸை நீட்டுறான்."

"ஆள் மாறாட்டம், அண்ணி!" கொழுந்தன் துள்ளினான்.

"இல்லீங்க, அவனேதான். எங்க கணக்கு வாத்தியார் மாதிரி நடந்துகூடக் காட்டினான்." என்றார் அச்சகக்காரர். "இவனுக்கு என்ன ஒயின் தெரியப்போகுதுன்னு என்னை நக்கல் பண்ணியிருக்கான். அதுதான் தாங்கல."

"ஒயினை விடுங்க. வேற என்ன நடந்தது?"

"பெருசா ஒண்ணுமில்ல. அடுப்புல ரொட்டி கருகிடுச்சு. நானும் சம்சாரமும் பேச்சைப் பாதியில விட்டுட்டு ஓடினோம். 'எங்கடா ஓடுறீங்க?'ன்னான். அப்புறம் மேஜையில இருந்த ரோஜாவைப் பார்த்து, என்னமா மணக்குதுன்னான். அது சம்சாரம் காகிதத்துல செஞ்சது. அவ சிரிச்சுட்டு விட்டுட்டா."

"அதுவும் நக்கல்தான்!" என்றான் கொழுந்தன், முந்தைய முடிவை வெட்கமில்லாமல் கைவிட்டு.

வக்கீலம்மா புன்னகைத்தார். "நக்கல் பண்றவன் ரசிக்கிறதுக்கு நம்ம முகத்தைப் பார்ப்பான். இவர் லேபிளையும் நிறத்தையும் பார்த்தார். புளிப்பு, துவர்ப்பு ரெண்டும் வாயே சொல்லிடும். அதனால முதல் பாட்டில்ல தப்பு வரல. ரெண்டாவது பாட்டிலோட தக்கை கெட்டு, அந்த நாத்தம் ஒயின்ல இறங்கியிருக்கு. அது நிறத்துல தெரியாது, மூக்குதான் காட்டிக்கொடுக்கும். கருகின ரொட்டி, காகித ரோஜா, சாக்கு நாத்தம், மூணும் ஒண்ணைத்தான் சொல்லுது. உங்க நண்பருக்கு இப்ப வாசனையே தெரியாது."

அச்சகக்காரர் எழுந்தேவிட்டார். "எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"மூக்கை நம்பிப் பிழைக்கிறவர், அது போச்சுன்னு எப்படிங்க வாய்விட்டுச் சொல்லுவார்? உங்ககிட்ட சொல்லத்தான் வந்திருப்பார். நீங்க ஆசையா அந்த பாட்டிலை நீட்டினதும் வாய் வரல."

அச்சகக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். வெகுநேரம் துடைத்தார். "சின்ன வயசுல எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது, மேடம். கேலி பண்ணுவாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல. அவனாவே கண்டுபிடிச்சான். ஒரு வார்த்தை கேட்கல. போர்டுல இருக்கிறதையெல்லாம் தினமும் என் காதுல படிச்சுச் சொல்லுவான்."

"அப்ப ரயில் நிலையத்துக்குக் கிளம்புங்க" என்றார் வக்கீலம்மா.

நடைமேடை பெஞ்சில் மூக்கன் பெட்டியோடு தனியாக உட்கார்ந்திருந்தான். அச்சகக்காரர் இரண்டு காபி வாங்கிவந்து பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தார். காகிதக் கோப்பையை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு அவன் காதோரம் குனிந்தார்.

"காபி கொஞ்சம் தீஞ்ச வாசம்டா. அந்தப் பக்கம் யாரோ ஆரஞ்சு உரிக்கிறாங்க. மழை வரும்போல, மண் வாசம் கிளம்புது."

மூக்கன் தன் கோப்பையைப் பெஞ்சில் வைத்தான். "எப்படிடா கண்டுபிடிச்சே?"

"நீ போர்டைப் படிச்சப்ப, நான் அப்படிக் கேட்டேனா?"

ரயில் வந்தது. ஆட்கள் முண்டியடித்து ஏறினார்கள். மூக்கன் பெட்டியைத் தொடவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"சரி, சொல்லு. வேற என்ன வாசம் வருது?"