முந்திரியின் முதல் இரை

“சித்தி, அந்த வெளிச்சத்தப் பிடிச்சிட்டா முந்திரி அத என்ன செய்யும்?”

பக்கத்து அறை ரஞ்சிதத்தின் மகள் பெனிட்டா ஒருமுறை இப்படிக் கேட்டபோது, ஞானசெல்வி சிரித்துவிட்டுத் தட்டுக் கழுவப் போய்விட்டாள். ஐந்து வயதுப் பிள்ளையின் கேள்விக்கு நின்று பதில் சொல்ல அன்று அவளுக்குப் பொழுதில்லை. அவளுடைய பூனை முந்திரியும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சுவரில் ஓடிய பச்சை ஒளிப்பூச்சியின் பின்னால் அது பாய்ந்துகொண்டிருந்தது.

நிலாவின் குடியிருப்பான நிலாக்குடியில் வேலை முடிந்த பொழுது எல்லா வீட்டிலும் இப்படித்தான் கழியும். சாப்பாடு ஆனதும் கூரையில் இருக்கும் ஒளிவீசி விழித்துக்கொள்ளும். பிள்ளைகளுக்கு ஒளிப்பந்து, ஒளியானை. முந்திரிக்கு ஒளிமீன், ஒளியெலி. அதன் கழுத்துப் பட்டையில் துள்ளல்மானி என்று ஒரு சிறு கருவி உண்டு. பூனை பாயும்போதெல்லாம் அது மஞ்சளாகச் சுடரும். மஞ்சள் என்றால் மகிழ்ச்சி என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். ஞானசெல்வி அந்த மஞ்சளைப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் படுக்கப் போவாள்.

பிறகு முந்திரி சாப்பாட்டைக் குறைத்தது. வயிற்றையும் தொடைகளையும் ஓயாமல் நக்கி, ரோமம் போய்த் தோல் தெரிந்தது. ஒளிவீசி அணைந்த பிறகும் வெறும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. மருத்துவமனையில் பார்த்தார்கள். அடுத்த கப்பல் புறப்படுவதற்குள் தேறாவிட்டால், குளிர்த்துயிலில் இட்டுப் பூமிக்கே அனுப்பிவிடலாம் என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள்.

நிலாவுக்குக் குடிவருகிறவர் ஒவ்வொருவருக்கும் ‘உடைமை எடை’ என்று கொஞ்சம் ஒதுக்குவார்கள். கப்பல் சுமக்கும் மற்ற எடையெல்லாம் காற்றுக்கும் விதைக்கும் மருந்துக்கும் உரியது. உடுத்துகிற உடைகூட இங்கேயே வார்த்த படலம்தான். அதனால் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானும் வெளிச்சமாகவே இருந்தது. வெளிச்சத்துக்கு எடை கிடையாதே. ரஞ்சிதம் தன் உடைமை எடைக்குக் கல்யாணப் புடவையைக் கொண்டுவந்தாள். வேறொருவர் வேதப்புத்தகம் கொண்டுவந்தார். ஞானசெல்வி பூனையைக் கொண்டுவந்தாள். தனக்கென்று அவளிடம் வேறு துரும்பும் இல்லை. வந்த புதிதில் மூச்சுமுட்டி அவள் விழித்த போதெல்லாம் மார்பின்மேல் முந்திரி படுத்திருந்தது. நிலாவில் பூனையின் பாரம் ஒரு பொட்டலம் அவல் அளவுதான். அந்தப் பாரம்தான் அவளை அங்கே தங்க வைத்தது.

பூமியில் ஹசீனா என்றொரு கால்நடை மருத்துவர் தொலைபேச்சில் கிடைத்தார். முந்திரி விளையாடுவதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, அதைப் பார்த்தார்.

“அது சந்தோசம் இல்லம்மா, பரபரப்பு. இவ்வளவு காலமா வேட்டையாடுது, ஒண்ணுகூடக் கையில சிக்கல. பிடிக்கணும், கடிக்கணும், பின்னங்காலால உதைக்கணும். அப்புறந்தான் அதுக்கு மனசு ஆறும்.”

பெனிட்டாவின் கேள்வி அப்போதுதான் ஞானசெல்விக்கு நினைவு வந்தது. மஞ்சளையே பார்த்துப் பார்த்துத் தான் பூனையைப் பார்க்காமல் விட்டுவிட்டதாக உணர்ந்தாள்.

விஷயம் தெரிந்ததும் அக்கம்பக்கத்தார் கையில் அகப்பட்டதையெல்லாம் கொண்டுவந்தார்கள். ஞானசெல்வி ஒவ்வொன்றாகக் காட்ட, ஹசீனா ஒவ்வொன்றாக ஒதுக்கினார். விதைமூட்டையின் கயிறு ஆகாது. விழுங்கினால் குடலைச் சுருட்டி இழுத்துவிடும். கொலுசு மணி தொண்டையில் சிக்கும். குழாய் வளையத்தின் ரப்பரைப் பூனை கடித்துத் தின்றுவிடும். அச்சுக்கருவியில் வார்த்த பந்து பல் பட்டால் சில்லுசில்லாக உடையும். பூனையின் வாயைவிடப் பெரியதாக, பிய்ந்து வருகிற கண்ணோ காதோ இல்லாததாக, பல்லும் நகமும் பதிகிற மெத்தென்ற துணியாக வேண்டும். உள்ளே கொஞ்சம் குப்பைமேனி வேர் வைத்துத் தைத்தால் நல்லது, அந்த வாசனை என்றால் பூனைக்கு உயிர் என்றார்.

குப்பைமேனிக்குக் குறைவில்லை. ஞானசெல்விக்குத் தோட்டத்தில்தான் வேலை. கீரை விதையோடு கலந்து வந்த அந்தக் களையைப் பிடுங்கியே அவள் கை சலித்திருந்தது. துணிதான் இல்லை. நிலாக்குடியில் துணி என்றால் அது யாரோ ஒருவரின் ஒரே உடைமை. அதில் ஒரு துண்டு வெட்டிக் கொடுங்கள் என்று எந்த வாயால் கேட்பது?

எடைக்காப்பாளர் தாவீதிடம் போனாள். பொதுக் கிடங்கு அவர் பொறுப்பு. தினமும் காலையில் பனிச்சுரங்கத்துக்குப் போய்ப் பனிக்கட்டியை எடைபோடுவதும் அவர்தான். காதுவலிக்காரர். தலைவலித் தைலம் மணக்கும் பழுப்புக் கம்பளி மப்ளரை, ஜெப நேரம் தவிர, கழுத்திலிருந்து எடுக்கவே மாட்டார். காயத்துக்குக் கட்டுகிற துணியில் ஓர் அரைமுழம் கிடைக்குமா என்று கேட்டாள்.

“அது மனுசருக்கு வச்சது தாயி. பூனைக்கு எடுத்துக் குடுத்துட்டேன்னு வையி, நாளைக்கு ஒரு பிள்ளைக்கு ரத்தம் கொட்டுதப்போ நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிப்பேன்?”

அவர் சொன்னது நியாயம். நியாயத்தின்மேல் கோபப்பட அவளுக்குத் தெரியாது. வரும் வழியெல்லாம் கண் கரித்தது.

மறுநாள் தோட்டத்துக் கதவடியில், மடித்து வைத்தபடி ஒரு பழுப்புக் கம்பளித் துண்டு கிடந்தது. எடுத்து முகர்ந்தாள். தைல மணம்.

தைலம் பூனைக்கு ஆகாது என்பதால், மணம் முழுதும் போகும்வரை தன் குளியல் பங்குத் தண்ணீரில் அதை அலசி அலசிப் போட்டாள். காய்ந்த வேரும் தினை உமியும் வைத்து, அதிலேயே உருவிய நூலால் நெருக்கித் தைத்து, முனைகளை உள்ளே இழுத்து மறைத்தாள். எலியைப் போலவும் இல்லை, மீனைப் போலவும் இல்லை. சின்னத் தலையணை மாதிரி இருந்தது.

ஒளிவீசியை அணைத்துவிட்டு அதைத் தரையில் உருட்டினாள். முந்திரி முதலில் நம்பவில்லை. முகர்ந்தது, பின்வாங்கியது, பாதத்தால் தொட்டுப் பார்த்தது. பாதம் ஊடுருவிப் போகாததைக் கண்டு திகைத்தது. அப்புறம் பாய்ந்த பாய்ச்சலில் இரண்டும் சேர்ந்து சுவர்வரை மிதந்து போயின. முன்கால்களால் கட்டிப்பிடித்து, கடித்து, பின்னங்கால்களால் படபடவென்று உதைத்தது. கடைசியில் அதன்மேல் கன்னத்தை வைத்துப் படுத்தது. துள்ளல்மானியின் மஞ்சள் அணைந்து, பட்டை வெறுமனே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்துபோய்த் தட்டிலிருந்ததை மிச்சமில்லாமல் சாப்பிட்டது. ஞானசெல்வி ஆண்டவனை நோக்கிக் கைகூப்பினாள்.

கப்பல் முந்திரி இல்லாமல் புறப்பட்டது.

ஒருநாள் பூனை தூங்குகையில் பெனிட்டா அந்தக் கம்பளித் தலையணையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். நிலாவில் பிறந்த பிள்ளை. திரும்பக் கேட்டபோது கொடுக்க மனமில்லாமல் நின்றாள்.

“இது போவவே மாட்டேங்குது சித்தி. அழுத்தினாலும் இங்கனயே இருக்கு.”

ரஞ்சிதம் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போய்க் கல்யாணப் புடவையின் முந்தானையில் ஒரு சாண் வெட்டினாள். அந்த வாரத்திலேயே இன்னும் சில பிள்ளைகளின் கையில் துணிப்பொம்மைகள் தென்பட்டன. ஒன்றில் வேட்டிக்கரை இருந்தது. ஒன்று சால்வைத் துண்டு.

தாவீதுக்கு நன்றி சொல்லப் போனபோது அவர் பேச்சை வளரவிடவில்லை.

“பூன சாப்பிடுதா? அது போதும், போயி வேலையப் பாரு.”

மப்ளர் ஒரு சுற்றுக் குறைந்திருந்தது. வெட்டிய விளிம்பைத் தாறுமாறாக முடிந்து வைத்திருந்தார். சுரங்கத்திலிருந்து திரும்பும்போது ஒரு காதைக் கையால் பொத்தியபடி வந்தார்.

முந்திரியின் ரோமம் அடர்ந்து வளர்ந்தது. ஞானசெல்வி தினமும் சீவி, உதிர்ந்ததைச் சேர்த்தாள். பூனையின் எடை அவளுடைய உடைமை எடை என்பதால் அதன் ரோமமும் அவளுக்கே உரியது. விரலால் முறுக்கி நூலாக்கினாள். சோளத்தட்டையை ஊசியாகச் சீவிப் பின்னினாள். பல மாதம் பிடித்தது.

ஞாயிறு ஜெபத்துக்கு உள்ளே போகுமுன் எல்லாரும் மேலுடைகளை வாசல் கொக்கியில் மாட்டுவார்கள். தாவீதின் மப்ளரும் அப்போது அங்கேதான் தொங்கும். ஒரு ஞாயிறு, தாவீது முன்வரிசையில் முழங்காலிட்டிருந்தபோது, ஞானசெல்வி எழுந்து வெளியே வந்தாள். வாசலில் ஒருவரும் இல்லை. மப்ளரின் முடிச்சை அவிழ்த்து, தான் பின்னி வைத்திருந்ததை விளிம்போடு பின்னல் கண் ஒவ்வொன்றாக இணைத்தாள். பழுப்போடு முந்திரி ரோமத்தின் சாம்பல் நிறம் அப்படியொன்றும் ஒத்துப்போகவில்லை. தடவிப் பார்த்தாள், சூடாக இருந்தது. சாம்பல் முனை சுவர்ப்பக்கம் இருக்கும்படி மாட்டிவிட்டு, உள்ளே போய்க் கடைசி வரிசையில் முழங்காலிட்டாள்.