பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே

காலையில் பெரியவர் தன் சி.டி. தொழிற்சாலைக்கு வந்து இறங்கியபோது வாசல் கூட்டியிருந்தது, கண்ணாடிக் கதவு துடைத்திருந்தது. மகன் போனபின் பூட்டிய இடம் அன்றுதான் திறக்கிறது. வேலையாட்கள் முகத்தைத் தொங்கப்போட்டு நின்றார்கள். அவர் முதுகு மட்டும் வளையவில்லை. துக்கம் வீட்டோடு இருக்க வேண்டும், தொழில் ஊர் பார்க்க நடக்க வேண்டும். அப்படி வளர்ந்த குடும்பம் அது.

வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு, காற்று ஊதித் தூசி போக்கும் சிற்றறையில் கைகளை விரித்து நின்றார். உள்கதவு திறந்ததும் அந்த வாசனை வந்தது. கண்ணாடித் தட்டின்மேல் பூசுகிற மருந்தின் வாசனை. இனிப்பாக வந்து தொண்டையில் ஒட்டிக்கொள்ளும்.

“மருந்து டப்பாவையே இன்னும் தொடலீங்க ஐயா. என் மூக்கு மேல சத்தியம்” என்றார், அவர் மூக்கைச் சுளித்ததைப் பார்த்த ஃபோர்மன். தும்மியவனை வெளியே நிறுத்திவிடுகிற மனிதர். ஆட்கள் அவருக்கு வைத்த பெயர் ‘தூசி’.

“உங்க மூக்கைப் பார்த்துப் பயந்துதான் தூசியே உள்ள வர்றதில்ல. வேலையைப் பாருங்க.”

அன்று அடிக்க வேண்டியது ஒரு பாட்டு சி.டி. அதற்கான கண்ணாடி முன்பே எழுதி முடிந்திருந்தது. லேசர் ஒளி கண்ணாடியின்மேல் பாட்டை நுண்ணிய குழிகளாக எழுதும். அதன்மேல் நிக்கல் ஏற்றி உரித்தால் வருவது அப்பன் தகடு. அப்பனிலிருந்து அம்மா, அம்மாவிலிருந்து பிள்ளை. பிள்ளைத் தகடுதான் யந்திரத்துக்குள் போய், உருகிய பிளாஸ்டிக்கின் சூட்டை வாங்கிக்கொண்டு, தட்டு தட்டாக அச்சுப் பதிக்கும்.

கண்ணாடியில் எழுதும்போது அறைக் கதவைத் திறக்கக் கூடாது. ஒரு தூசி விழுந்தாலும் அத்தனையும் பாழ். ஒருமுறை ஒரு வேலையாள் பாதியில் வெளியே வந்து கண்ணாடியைக் கெடுத்தான். அதன்பின் பெரியவர் கதவின் வெளிப்பக்கம் தாழ் வைத்தார். சிவப்பு விளக்கு அணையும்வரை உள்ளே போனவர் உள்ளேதான்.

இந்தப் பாட்டுகளை எழுதிய அன்றுதான் அவர் மகன் அந்த அறையில் செத்தான். எழுதி முடிகிற நேரத்தில் காற்றை வெளியே இழுக்கும் விசிறி நின்றுபோய், மருந்தின் ஆவி அறையை நிறைத்துவிட்டது. கதவைத் தட்டும் சத்தம் கேட்டதுமே அப்பா தாழை நீக்கித் தூக்கிவந்தார், அதற்குள் உயிர் போய்விட்டது. ஊருக்கு அப்படித்தான் தெரியும். மருமகளுக்கும்.

தட்டுகளைக் கேட்டுச் சரிபார்க்கும் வேலையை இப்போது அவள்தான் பார்க்கிறாள்.

“மாமா, கொஞ்சம் வாங்களேன்.”

“என்னம்மா?”

“முதல் பாட்டுக்கும் ரெண்டாவது பாட்டுக்கும் நடுவுல யாரோ கதவைத் தட்டுறாங்க.”

தூசி சிரித்தார். “பாட்டு இல்லாம சும்மா இருக்கிற இடத்தையும் லேசர் எழுதித்தாம்மா ஆகணும். அங்க எழுதினது வெறும் சும்மா. பாட்டு கம்பிவழியாத்தான் உள்ள போகுது. லேசருக்குக் காது ஏது?”

மூல ஒலிநாடாவைப் போட்டுப் பார்த்தார்கள். அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

“பெட்டியில போடுங்க. மத்தியானம் லாரி வருது, வாக்குக் கொடுத்தாச்சு” என்றார் பெரியவர்.

ஒரே தகட்டில் அச்சான தட்டுகள் இம்மி பிசகாமல் ஒன்றுபோல இருக்கும். தூசி தொழில் கற்ற நாளிலிருந்து அதில் மாற்றம் கண்டதில்லை.

“மாமா, இந்தத் தட்டுல வேகமாத் தட்டுறாங்க.”

யந்திரம் பெருமூச்சு விட்டு மூடியது. திறந்தது. இன்னொரு தட்டு விழுந்தது.

“இதுல நகத்தால கீறுறாங்க.”

மூடியது. திறந்தது.

வாசனை கூடியது.

நிறுத்தச் சொல்லப் பெரியவருக்கு ஒரு வார்த்தை போதும். நிறுத்தினால் காரணம் கேட்பாள். காரணம் தெரிந்தபின் அவர் கூடத்துக்குள் நுழையும்போது அந்த வீட்டில் யார் எழுந்து நிற்பார்கள்? லாரியில் ஏற்றச் சொல்லிக் கையைக் காட்டினார். பெட்டிகள் ஏறின. சொன்ன வேளைக்கு லாரி புறப்பட்டது.

அதன்பின் மருமகள் கூப்பிடவில்லை.

அவராகத்தான் போனார். அவள் ஹெட்ஃபோனோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

“இன்னும் தட்டுற சத்தம் வருதாம்மா?”

“இல்ல மாமா. நின்னு போச்சு.”

ஹெட்ஃபோனைக் கழற்றி இரண்டு கையாலும் நீட்டினாள். வாங்கிக் காதில் வைத்தார். பாட்டு தேய்ந்து முடிந்தது.

அமைதி.

கனத்த கதவுக்கு அப்பாலிருந்து வருவதுபோல அமுங்கிய ஒரு குரல்.

அவருடைய குரல்.

“இன்னும் ரெண்டு பாட்டுதான்டா. பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு. வாக்குக் கொடுத்திருக்கேன், மானம் போயிடும்.”

அன்று அதைச் சொன்னபோது அவர் பக்கத்தில் ஒருவரும் இல்லை. கேட்டிருந்தால் உள்ளே இருந்தவனுக்கு மட்டும் கேட்டிருக்கும்.

“தட்டின உடனே திறந்தேன்னு சொன்னீங்களே மாமா.”

அவர் வாயில் வந்தது அவருக்குப் பழகிய வார்த்தைதான்.

“வெளியில சொல்லிடாதம்மா. குடும்பப் பேரு.”

“நான் எதுக்கு மாமா சொல்லணும்? லாரி நிறைய அவரே சொல்லிக்கிட்டுப் போறாரே.”

வெள்ளை அங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டு போனாள், எதையும் சாத்தவில்லை. தெருக்காற்று உள்ளே வந்தது. அதட்ட வேண்டிய ஃபோர்மன் ஒதுங்கி வழிவிட்டார்.

“யந்திரத்தை நிறுத்துங்க! தகட்டை உடைங்க! லாரிக்காரனைத் திருப்புங்க!” என்று கத்தினார் பெரியவர்.

யந்திரம் நின்றது. பிள்ளைத் தகட்டைக் கழற்றி வளைத்துப் போட்டார்கள். லாரி போன திசையில் ஓடியவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

பெரியவர் தட்டுகளைக் கேட்டுப் பார்க்கும் அறைக்குள் வந்து தட்டை எடுத்து மேசை விளிம்பில் அடித்தார். அது நாலு துண்டாகத் தெறித்தது. மின்கம்பியையும் பிடுங்கி எறிந்தார். தட்டு ஓட்டும் பெட்டி காலியாக வாயைத் திறந்தபடி இருந்தது.

முதுகு வளைந்து, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கீழே கிடந்த ஹெட்ஃபோனிலிருந்து, மூச்சு இழுக்க இழுக்க, அப்பா பேச்சைத் தட்டாத பிள்ளையின் குரல் வந்தது.

“சரிப்பா... இப்ப எத்தனாவது பாட்டு?”