நடுங்கும் சனிக்கிரகம்

தொலைநோக்கிக்குள் தெரிந்த சனிக்கிரகம் நடுங்கியது.

மகுடேஸ்வரன் கண்ணை எடுத்தார். கை எதிலும் படவில்லை. காற்றும் இல்லை, வேப்பமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. மறுபடி கண்ணை வைத்தார். இந்த வருஷம் வளையம் ஒடுங்கிப்போய், ஊசி குத்திய உருண்டை மாதிரித்தான் சனி தெரிந்தது. உருண்டை சற்று நேரம் அமைதியாக நின்றது. பிறகு இரண்டு முறை அதிர்ந்து அடங்கியது.

நடக்கக்கூடாத விஷயம் அது. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் பதினெட்டு வருஷமாகத் தரம் பார்க்கும் க்யூசி மேனேஜர் அவர். பனியனை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் போதும், ஓட்டை இருக்கும் இடத்துக்குக் கண் தானாகப் போய்விடும். எதையும் சரியென்று நம்பிவிடாமல் இருப்பதற்குத்தான் சம்பளம். அப்படிப்பட்டவர் ஆசைப்பட்டுச் செய்த ஒரே காரியம், பொங்கலூர் வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த மோட்டார் ரூமை வானம் பார்க்கும் அறையாக மாற்றியது. தகரக் கூரையைப் பிரித்து, இரும்பு கேட்டுக்கு மாட்டும் சக்கரங்கள் வைத்துத் தண்டவாளத்தில் ஓடவிட்டார். ஒரு கையால் தள்ளினால் வானம் திறந்துகொள்ளும். தெருவிளக்கு வெளிச்சம் எதிரொளிக்காமல் இருக்கச் சுவர் முழுக்க ரிஜெக்ட் ஆன கறுப்புத் துணி.

தொலைநோக்கிக்கு ஆடாத தூண் வேண்டும். ரூமின் நடுவிலேயே அது இருந்தது. ஆயிரத்து இருநூறு அடி ஓட்டியும் வெறும் புழுதி மட்டும் வந்த பழைய போர்வெல்லின் இரும்புக் குழாய், இடுப்பு உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. லேத் பட்டறையில் மரை வெட்டிய கனமான மூடி ஒன்றைச் செய்து வாங்கி, இரண்டு ஆட்கள் பைப் ரெஞ்ச் போட்டு முறுக்கி, அதன்மேல் தொலைநோக்கியை உட்கார வைத்தார். பாறை வரைக்கும் இறங்கிய குழாய். அது ஆட வழியே இல்லை.

யாரோ ஆட்டுகிறார்கள்.

முதலில் பக்கத்துத் தோட்டத்துச் சிவபிரகாஷ் மேல்தான் சந்தேகம். அவனுடைய ஷெட்டில் பனியன் துணி பின்னும் நிட்டிங் மிஷின் எட்டு ஓடுகிறது. வேலித் தகராறில் இருவருக்கும் ஒரு வருஷம் பேச்சில்லாமல் இருந்து, இப்போதுதான் சரியாகியிருந்தது. மறுநாள் காலையில் போய் நின்றார்.

"ஏனுங் தம்பி, ராத்திரியில மிஷின நிறுத்தவே மாட்டீங்களா?"

"நைட் ஷிஃப்ட்ட நிறுத்தி ஒரு மாசம் ஆச்சுங்ண்ணா. ஆர்டரே இல்லீங்க. வேணும்னா வந்து பாருங்க."

நம்பாமல் திரும்பியவரைச் சிவபிரகாஷ் கூப்பிட்டான். அவன் முகத்திலும் அதே சந்தேகம்.

"நானே உங்களக் கேக்கோணும்னு இருந்தனுங்ண்ணா. விடியக்காலம் வரைக்கும் உங்க மோட்டார் ரூம்ல என்னத்தப் போட்டு இடிக்கிறீங்க?"

பதினோரு மணிக்கே கூரையை மூடிப் பூட்டிவிட்டுப் படுப்பவர் மகுடேஸ்வரன். அன்று சாயங்காலம் மனைவி சித்ராதேவியிடம் விசாரித்தார். அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"நீங்கதானுங்க ஏதோ பண்றீங்கன்னு நெனச்சேன். பக்கத்துல கையப் போட்டுப் பாத்தா நீங்க தூங்கறீங்க. அதுக்கப்பறம் எனக்குத் தூக்கமே வரலீங்க."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நம்பற ஆளா நீங்க?"

அந்தப் பதிலும் அவருக்குச் சரியாகப் படவில்லை. ரூம் சாவி சமையலறை ஆணியில்தான் தொங்குகிறது. அன்றிரவு கட்டிங் டேபிளில் கோடு போடும் சாக்பீஸை இடித்துத் தூளாக்கி, ரூம் தரை முழுக்கத் தூவிப் பூட்டினார். யார் வந்தாலும் காலடி தெரியும்.

காலையில் காலடி எதுவும் இல்லை. குழாயைச் சுற்றி மட்டும் ஒரு முழ அகலத்துக்குத் தூள் விலகி, தரை சுத்தமாக இருந்தது. குழாய்க்குள்ளிருந்து யாரோ மூச்சு விட்ட மாதிரி. ஆனால் மூடியில் ஓட்டை கிடையாது. குனிந்து பார்த்தார். ஈரமண் வாடை வந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் வராத போர்வெல் அது.

சித்ராதேவி அன்றே அவிநாசிபாளையத்துக்குத் தன் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். அவரையும் கூப்பிட்டாள். அவர் போகவில்லை. கண்டுபிடிக்காமல் விட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

தீபாவளி முடிந்து நான்காம் நாள். வேலைக்கு வந்த வடக்கத்தி ஆட்கள், தெற்கத்தி ஆட்கள் எல்லாரும் ஊருக்குப் போய்விட, சுற்றுவட்டாரத்தில் ஒரு மிஷின் ஓடவில்லை. சிவபிரகாஷ் குடும்பத்தோடு பழனிக்குப் போயிருந்தான். மழை விட்டு வானம் கழுவித் துடைத்தாற்போலிருந்தது. மகுடேஸ்வரன் கதவைத் தாழிட்டுக்கொண்டு கூரையைத் தள்ளினார். சக்கரங்கள் கிறீச்சிட்டு நகர, சட்டைக்குள் குளிர் இறங்கியது. சுவர்த் துணிகள் லேசாக உப்பி அடங்கின. நாய்கூடக் குரைக்கவில்லை.

சனி நடுங்கிக்கொண்டே இருந்தது. இடைவெளி இல்லாமல், ஒரே சீராக, ஏணியில் கால் மாற்றி ஏறும் கணக்கில்.

கண்ணை எடுத்துவிட்டுக் குழாயில் காதை வைத்தார். இரும்பு சில்லென்றிருந்தது. எங்கோ வெகு ஆழத்தில் உரசல். நின்றது. மறுபடி உரசல்.

ரெஞ்சை எடுத்தார். ஏன் அப்படிச் செய்தார் என்று அவருக்கே தெரியாது. குழாயில் ஒரு தட்டு தட்டினார்.

உரசல் நின்றது.

வெகுநேரம் ஒன்றுமில்லை. மெல்லக் குனிந்து தொலைநோக்கியில் பார்த்தார். முதல் முறையாகச் சனி துளிகூட ஆடாமல் நின்றது. அவ்வளவு தெளிவாக அவர் பார்த்ததே இல்லை. பிடிமானத்துக்காக மூடிமேல் உள்ளங்கையை வைத்தார்.

ஒரு தட்டு.

ஆழத்திலிருந்து வரவில்லை. உள்ளங்கைக்கு நேர் கீழே.

பின்னால் சாய்ந்தார். சுவர் முதுகில் இடித்தது. தொலைநோக்கி அசைந்தது. நடுக்கம் இல்லை. அது திரும்பியது. மூடியோடு சேர்ந்து, மெதுவாக, இடப்பக்கமாக. இரண்டு ஆட்கள் முறுக்கிய மூடி. மரை கழன்றுகொண்டிருந்தது.

நீளமான குழல் அறையைச் சுற்றி வந்தது. கதவைத் தாண்டியது. அவர் நெஞ்சை உரசிக்கொண்டு போனது. கதவுக்கு இரண்டே எட்டு. ஓர் எட்டு வைத்தார், குழல் மறித்தது. இரண்டாம் சுற்று. மூடி ஒரு மரை உயரம் எழும்பியிருந்தது. மூன்றாம் சுற்று. நான்கு. ஈரமண் வாடை. ஐந்து.

தொலைநோக்கி சரிந்தது. கண்ணாடி நொறுங்கியது. மூடி தனியே கழன்று, உருண்டு அவர் காலடியில் வந்து நின்றது.

திறந்த கூரை வழியே நட்சத்திர வெளிச்சம் குழாயின் வாயில் விழுந்தது. உள்ளேயிருந்து ஒரு விரல் வந்து விளிம்பைப் பற்றியது. பக்கத்தில் இன்னொன்று. அதன் பக்கத்தில் இன்னொன்று. மகுடேஸ்வரன் தன்னையறியாமல் எண்ணினார். பத்தைத் தாண்டியும் வந்துகொண்டே இருந்தன. வட்டமாக, நெருக்கமாக, விளிம்பு முழுவதும் நகமில்லாத வெள்ளை விரல்கள்.