பசிக்காத பிள்ளை

அழுகை பாதியில் நின்றது.

அழுது களைத்த குழந்தையின் குரல் தேய்ந்து, விக்கி, மெல்லத்தான் அடங்கும். இது அப்படியில்லை. யாரோ வாயில் எதையோ வைத்ததுபோல் சட்டென்று நின்றது. சாத்திய கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த மர்சலின் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். பால் கொடுக்க இன்னும் நேரம் இருந்தது.

மூன்று மணிக்கு ஒரு தடவைதான் பால், நடுவில் எப்படி அழுதாலும் தூக்கக்கூடாது என்று ஆஸ்பத்திரி நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். கணவன் லியோனார்டும் அதையே பிடித்துக்கொண்டான். வேறு சொல்ல ஆளில்லை. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று சாந்தோமே காலியாகிவிட்டது. பூட்டிய வீடுகளுக்கு நடுவே கடல் இரைச்சல் மட்டும் தெருவில் வந்து வந்து போயிற்று. பச்சை உடம்போடு ரயிலேற முடியாமல் மர்சலின் தங்கிப்போனாள். பிரசவத்திலிருந்தே அவளுக்குள் எதுவோ மரத்துப்போயிருந்தது. குழந்தை அழுதால் மார்பு கசியும், மனசு அசையாது.

நேரம் வந்ததும் தூக்கினாள். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது. வயிறு கும்மென்றிருந்தது. கடைவாயில் பால் வழிந்திருந்தது. முகர்ந்து பார்த்தாள். தன் பாலின் வாசனை அவளுக்குத் தெரியும். இது வேறு. வெகுகாலம் பெட்டிக்குள் கிடந்த துணிபோல ஒரு புழுக்க வாடை.

"பாத்தியா, பழகிட்டான்," என்றான் லியோனார்ட், வேலையிலிருந்து வந்ததும்.

"வயிறு நிறைஞ்சிருக்குங்க."

"காத்தா இருக்கும், மர்சி."

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். குழந்தை கொழுகொழுவென்று தேறியது. அவளுக்கோ பால் கட்டி, மார்பு கல்லாகி, காய்ச்சல் கண்டு, பிறகு எல்லாம் வற்றியது.

குழந்தையைக் குளிப்பாட்ட வரும் சண்முகவடிவு அதைக் காலில் கிடத்தி எண்ணெய் தடவியவள், வாயருகே குனிந்ததும் கையை நிறுத்தினாள்.

"இன்னாம்மா, வேற யார்னா பால் குடுக்கறாங்களா?"

"யாரு இருக்கா குடுக்க?"

"அதான் கேக்கறேன்." குழந்தையை அவசரமாகத் துடைத்து நீட்டினாள். "புள்ளைய தனியா உடாதம்மா."

அதன்பிறகு அவள் வரவில்லை.

ஒருநாள் மர்சலின் தொட்டிலை விட்டு நகராமல் உட்கார்ந்து பார்த்தாள். குழந்தை வீறிட்டது. வற்றிய மார்பைத் துப்பியது. பசும்பாலைக் காய்ச்சிப் பாலாடையில் புகட்டினாள், அதையும் துப்பியது. அழுதபடியே அவள் தோளுக்குப் பின்னால், அறை மூலையையே பார்த்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். வெறும் சுவர். பயப்பட வேண்டும் என்று தோன்றியது. பயம் வரவில்லை.

அன்று அந்தி மங்கும்போது அபாயச் சங்கு ஊதியது. குண்டுவீச்சுக் காவலுக்கான ஏ.ஆர்.பி. வார்டனாக இருந்த லியோனார்ட் தொப்பியை எடுத்துக்கொண்டு ஓடினான். விளக்கை அணைத்தாள். ஜன்னலில் கறுப்புத் துணி. கும்மிருட்டு. அதற்குள் குழந்தையின் அழுகை கம்மிக் கம்மி, கீச்சென்று இழைந்து, காற்றாகிக்கொண்டிருந்தது. பகல் முழுவதும் அதன் வயிற்றில் ஒரு சொட்டு இறங்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் போனால் அழக்கூடத் தெம்பு இராது.

அவள் அதைத் தொட்டிலில் கிடத்தினாள். வெளியே வந்தாள். தானே கதவைச் சாத்தினாள். என்ன செய்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தேயிருந்தது.

அழுகை நின்றது.

மடக். மடக். மடக்.

கதவைத் திறந்தாள். அந்தப் புழுக்க வாடை. எதுவும் தெரியவில்லை. தடவித் தடவி நடந்தாள். தொட்டில் விளிம்பு கைக்குத் தட்டுப்பட்டது. உள்ளே கைவிட்டாள். குழந்தையின் கன்னம். ஏறி இறங்கியது.

அதற்கு மேலே, தோல்.

சூடாக. ஈரமாக. மூச்சு விட்டபடி.

அவள் கையை எடுக்கவில்லை. இருட்டிலிருந்து இன்னொரு கை வந்து அவள் மணிக்கட்டைப் பற்றியது. நெரிக்கவில்லை. பால் கொடுக்கும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து நோண்டினால் ஒரு தாய் எப்படி விலக்குவாளோ, அப்படி, மெதுவாக, அவள் கையை விலக்கிவிட்டது.

குழந்தை விழுங்கிக்கொண்டிருந்தது.